மழை பட்டன்

“இந்தச் சிவப்பு பட்டன் எதுக்குங்க?”

மனைவி இப்படிக் கேட்பாள் என்று டாக்டர் எதிர்பார்க்கவில்லை. வண்டி வாங்கி இன்னும் புது வாசனைகூடப் போகவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், கட்டைவிரல் எட்டும் தூரத்தில் அந்தப் பட்டன் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் மனைவியின் கண்ணில் படாததே அதிசயம்.

அதை அழுத்தினால் வண்டி தன் சாது வேஷத்தைக் கலைத்துவிடும். இன்ஜின் உறுமும். ஸ்டியரிங் விறைத்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரில் கால் பட்டால் போதும், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பட்டனுக்காகத்தான் டாக்டர் அந்த வண்டியையே வாங்கினார். அதை மனைவியிடம் சொல்ல முடியுமா?

“அது... மழைக்கு,” என்றார்.

“மழைக்கா?”

“ஆமா. ரோடு ஈரமா இருந்தா அழுத்தணும். வண்டி ஜாக்கிரதையா போகும்.”

“பரவாயில்லையே. நல்ல வண்டியாத்தான் பாத்து வாங்கியிருக்கீங்க.”

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. மனைவி விமான நிலையத்தில் வேலை பார்த்தாள். கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, பறந்து வருகிற விமானங்களுக்கு வழி சொல்லித் தரையிறக்குகிற வேலை. பாய்ந்து வருகிற எதையும் குரலை உயர்த்தாமலே அடக்கிவிடுவாள். வீட்டிலும் அதே குரல்தான். வண்டி வாங்கும் பேச்சு வந்தபோதே சொல்லிவிட்டாள்:

“தாராளமா வாங்குங்க. ஆனா சீறிப் பாயற வண்டின்னு எனக்குத் தெரிஞ்சுது, மறுநாளே அதை என் தம்பிகிட்டத் தள்ளிவிட்டுட்டு அவனோட பழைய வேனை வாங்கிப்பேன்.”

தம்பியின் வேனில் ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அதன் ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும்.

டாக்டர் மயக்க மருந்து கொடுப்பவர். மனிதர்களைத் தூங்க வைப்பதே தொழில். அப்படிப்பட்டவரைத் தட்டி எழுப்பவும் உலகத்தில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டாமா? தேடித் தேடி இந்தச் செடானைப் பிடித்தார். வெளியே பார்த்தால் பாங்க் மேனேஜர் மாதிரி இருக்கும். நாலு கதவு, பெரிய டிக்கி, மளிகை மூட்டையும் வைக்கலாம், மாமனாரையும் ஏற்றலாம். உள்ளே இருக்கிற குதிரையை மட்டும் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தார்.

மனைவி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “புது வண்டி, எனக்குப் பயம்,” என்று ஆபீஸ் பஸ்ஸிலேயே போய்வந்தாள். டாக்டருக்கு இரவு வேலை இருந்தால் ஆஸ்பத்திரி வேன் வந்து அழைத்துப் போகும். அன்றெல்லாம் வண்டி வீட்டிலேயே கிடக்கும். எவ்வளவு நல்ல வண்டியை இப்படித் தூங்க விடுகிறோமே என்று ஆபரேஷன் அறையில் நின்றுகொண்டு டாக்டர் ஏங்குவார்.

பொய் சொன்ன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது.

“பட்டனை அழுத்துங்க,” என்றாள் மனைவி.

வேறு வழி? அழுத்தினார். வண்டி உறுமியது.

“ஏங்க உறுமுது?”

“ஈரத்தை உதறுது.”

அன்றிலிருந்து வானத்தில் ஒரு துண்டு மேகம் தெரிந்தாலும், “எதுக்கும் அழுத்தி வையுங்க,” என்று ஆரம்பித்துவிட்டாள். பாயத் துடிக்கிற வண்டியைக் கால் கட்டைவிரல் நுனியால் ஓட்டி ஓட்டி டாக்டருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

இது போதாதென்று டயர் அண்ணன் வேறு. ஊரில் வண்டிப் பைத்தியங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் அவர். பெரிய டயர் கடை வைத்திருந்தார். ஒரு வண்டியைப் பற்றி அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு.

“நாலு கதவு இருந்தா அது வண்டி இல்ல டாக்டர், வீடு,” என்றார் டயர் அண்ணன். “தினமும் வேலைக்கும் போகணும், மலை வளைவுலயும் ஆடணும்னா நடக்கிற காரியமா? ரெண்டுங்கெட்டான்.”

டாக்டருக்குச் சுருக்கென்றது. தன்னைச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

“ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கண்ணே. அப்புறம் சொல்லுங்க.”

ஞாயிறு காலை மலைப்பாதை என்று முடிவாயிற்று. டயர் அண்ணனைத் தெருமுனையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மனைவியிடம் டாக்டர் ஒரு கதை விட்டார். மலை மேலே இருக்கிற ஆஸ்பத்திரியில் அவசர ஆபரேஷன், ஒரு பெரிய சர்ஜனும் தன்னோடு வருகிறார் என்று.

டயர் அண்ணனுக்குத் தெருமுனையில் நிற்கப் பொறுமை ஏது? நேராக வீட்டு வாசலுக்கே வந்து மணி அடித்துவிட்டார். கதவைத் திறந்தவள் மனைவி.

“வாங்க டாக்டர்,” என்றாள்.

டயர் அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. உள்ளே டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“வரேம்மா,” என்றார், டாக்டராகவே.

“மலை மேலதானே? எனக்கும் இன்னைக்கு லீவு. நானும் வரேங்க. நீங்க ஆபரேஷன் பண்ணுங்க, நான் காத்து வாங்கறேன்.”

டாக்டருக்குத் தனக்கே மயக்க மருந்து கொடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வண்டியில் ஏறும் முன், பழக்க தோஷத்தில், டயர் அண்ணன் குந்தி உட்கார்ந்து முன் சக்கரத்தைத் தடவினார். “அடேங்கப்பா! ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு. வளைவுல வெளுத்து வாங்கியிருக்காங்க. இது சாதாரண ஆள் ஓட்டின வண்டி இல்ல!”

ஆஸ்பத்திரி பேஸ்மென்ட்டில் சுற்றிச் சுற்றி இறங்குவதற்கே இப்படித் தேய்ந்திருக்கிறதென்றால் நம் கையில் ஏதோ இருக்கிறது என்று டாக்டருக்குப் பெருமை. கூடவே நடுக்கம். மனைவி கேட்டுவிட்டாளே!

நல்லவேளை, அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. “டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்று அவசரமாகக் குறுக்கிட்டாள். “எனக்குக் கழுத்து ஒரு பக்கமா இழுக்குது.”

“எந்தப் பக்கம்மா?”

“இடது பக்கம்.”

“அலைன்மென்ட் போயிருக்கும். ரெண்டு பக்கமும் சமமா தேயுதான்னு பாத்துக்கங்க.”

“பெரிய சர்ஜனுங்க இப்படித்தான் பேசுவாங்க,” என்று டாக்டர் அவரை முன்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

மனைவி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். மலை ஆரம்பித்தது. பின்னால் இருக்கிறவளுக்கு உடம்பு குலுங்கக் கூடாது. முன்னால் இருக்கிறவருக்கு உள்ளம் குலுங்க வேண்டும். டாக்டர் வண்டியை உருட்டிக்கொண்டு போனார். ஒரு டிராக்டர் அவரைத் தாண்டிப் போயிற்று.

“என்ன டாக்டர், ஊர்வலமா?” என்று டயர் அண்ணன் முணுமுணுத்தார்.

“ஆமா, என்ன கேஸ்?” என்று பின்னாலிருந்து கேள்வி வந்தது.

“பஞ்சர்,” என்றார் டயர் அண்ணன், யோசிக்காமல்.

“குடல்ல ஓட்டை,” என்று டாக்டர் அவசரமாக ஒட்டுப் போட்டார்.

“அடப்பாவமே! அங்க ஒரு உசுரு ஊசலாடுது, நீங்க டிராக்டருக்கு வழி விட்டுட்டுப் போறீங்க? வேகமா போங்க!”

டாக்டர் தன் காதுகளை நம்பவில்லை. அதே நேரம் கண்ணாடியில் நாலு தூறல் விழுந்தது.

“மழை! பட்டனை அழுத்துங்க!”

அழுத்தினார்.

என்ன சொல்வது! அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வண்டி சிரித்துவிட்டது. முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்ப நினைத்தார், அதற்குள் வண்டி திரும்பியிருந்தது. ஈரத் தார் ரோட்டை நாலு சக்கரமும் இறுகப் பிடித்துக்கொண்டன. வளைவைவிட்டு வெளியே வரும்போது பின்னாலிருந்து ஒரு தள்ளு, அதிலும் ஒரு மரியாதை. குலுக்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை. டிக்கியில் கிடந்த முட்டை அட்டையில் ஒரு முட்டைகூட உடையவில்லை என்பது பிறகு தெரிந்தது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு சந்தோஷத்தைத் திருடித்தான் அனுபவிக்க வேண்டுமா?

பின்சீட்டிலிருந்து கோபுரத்துக் குரல் நிதானமாக வந்தது.

“அடுத்தது இடது. குறுகல். இப்பவே வேகத்தைக் குறைங்க... உள்ள நுழையுங்க... இப்ப விடுங்க.”

விட்டார். தேன் மாதிரி போயிற்று.

“அடுத்தது வலது. பாக்கத்தான் சின்னது, முடியும்போது இறுகும். பொறுமை... பொறுமை... ம், விடுங்க.”

இறுகத்தான் செய்தது. பாறைக்குப் பின்னால் இருக்கிற வளைவைக்கூடப் பார்க்காமலே சொல்கிறாளே! ஆகாயத்துக்கே வழி சொல்கிறவளுக்கு இந்த மலை எம்மாத்திரம் என்று டாக்டர் வியந்தார்.

டயர் அண்ணன் கதவுப் பிடியை விடவேயில்லை. கடைசி வளைவு தாண்டியதும் பெருமூச்சு விட்டார்.

“தோத்துட்டேன் டாக்டர். நாலு கதவு வண்டியைப் பத்தி இனிமே வாயைத் திறக்க மாட்டேன். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போற வண்டிக்குள்ள இப்படி ஒரு உசுரா! கடையை வித்தாவது இதுல ஒண்ணு வாங்கணும்.”

“எந்தக் கடை?” என்றாள் மனைவி.

டயர் அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். தூறல் நின்று வெயில் அடித்தது.

“மழைதான் நின்னுடுச்சே. பட்டனை எடுங்களேன்,” என்றாள்.

டாக்டரின் விரல் பட்டன் வரைக்கும் போயிற்று. அழுத்த மனம் வரவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“அது மழைக்கு இல்லம்மா,” என்றார். “வேகத்துக்கு. இவர் சர்ஜன் இல்ல, டயர் கடை. மேல ஆபரேஷனும் இல்ல. எல்லாம் பொய். ஆனா ஒண்ணு மட்டும் நிஜம், இந்த வண்டியில உட்கார்ந்தா எனக்கு வயசே தெரியல. என்ன தண்டனை வேணா குடு, வேனை மட்டும் கொண்டு வராதே.”

“அவர் சொல்றது சத்தியம்மா. தங்கமான வண்டி,” என்றார் டயர் அண்ணன்.

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கட்டின பொண்டாட்டிகிட்ட இத்தனை நாளா மறைச்சு வெச்சிருக்கீங்க. எப்படிங்க மனசு வந்துச்சு?” குரல் தழுதழுத்தது. “நான் உங்ககிட்ட எதையாவது மறைச்சிருக்கேனா?”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டது நியாயம். வண்டியைக் கிளப்பினார்.

உச்சியில் சோதனைச் சாவடி. குறுக்கே கட்டை இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் மனைவி, “ஐயோ, என் கம்மல்!” என்று சீட்டுக்குக் கீழே குனிந்தாள். குனிந்தவள் நிமிரவேயில்லை.

காவலாளி குடையை மடக்கிக்கொண்டு வந்தான். வண்டியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. கட்டையைத் தூக்கிவிட்டு, பானெட்டில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். பிறகு ஜன்னல் வழியாக டாக்டரை மேலும் கீழும் பார்த்துப் பரிதாபமாகச் சொன்னான்:

“அம்மாவுக்குப் புது டிரைவரா? கவலைப்படாதீங்க, கை பழகிடும். அவங்களும் முதல் வாரம் இப்படி மெதுவாத்தான் ஏத்திட்டு வந்தாங்க.”