கம்பெனிக்கு நேர்காணல் வைத்த சம்பந்தி

உலகத்தில் எல்லாக் கம்பெனிகளும் ஆட்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். கம்பெனியையே உட்காரவைத்துக் கேள்வி கேட்ட ஒரே மனிதர், சிலாங்கூரில் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்து மலேசியாவிலேயே, எங்கள் சம்பந்திதான்.

ராவாங்கில் நான் டிப்ளோமா படித்த கல்லூரி ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருந்தது. கீழே டோபிக் கடை. கல்லூரியின் விளம்பரத் தாளில் 'முழுமையான வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மையம் என்பது படிக்கட்டுக்குப் பக்கத்தில், போட்டோஸ்டேட் மெஷினோடு பங்கு போட்டுக்கொண்ட ஓர் அறை. மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, சம்பந்தி ஒருவர். அவருக்கு இயற்பெயர் ஏதோ இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாகத் தெரியவில்லை.

என் ரெசுமேயை முதல்முறை கொண்டுபோனபோது, 'பொழுதுபோக்கு: பயணம்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றுவிட்டது.

"எங்கமா பயணம் போன?"

"ஈப்போ, சார்."

"எதுக்கு?"

"சாவு வீடு, சார்."

சிவப்புப் பேனாவால் ஒரே கோடு. "காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, அப்பாவுக்குச் சோறு கட்டிக் குடுத்துட்டு, ரெண்டு பஸ்ஸு மாறி வர்றியே, ஒரு நாளாச்சும் லேட்டா வந்திருக்கியா?"

"இல்ல, சார்."

"அத எழுதுலா! மொதலாளிக்கு அதவிட என்ன வேணும்?"

மாதிரி நேர்காணல் இன்னும் கொடுமை. முதலாளியாக அவரே உட்காருவார். நாம் வாயைத் திறந்ததும், வராத போனை எடுத்து ஐந்து நிமிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவார். ஒரு பையன் பாவம், முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து நடந்தான். "எங்கடா போற? மொதலாளி போன் பேசுனா ஒனக்கு வேல இல்லன்னு யாரு சொன்னா? ஒக்காருடா!" என்று போட்ட சத்தத்தில் கீழே டோபிக்காரர் மேலே ஏறி வந்து பார்த்தார்.

இதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் நடப்பதுதான். அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது வேறு காரணத்தால். எங்களில் யாருக்காவது வேலை கிடைத்தால், மற்ற மையங்களில் கைகுலுக்கிப் படம் எடுத்துப் போடுவார்கள். இவர் தன் பழைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனியை விசாரிக்கக் கிளம்பிவிடுவார். பெண் கொடுக்கப் போகிற வீட்டை விசாரிப்பதுபோலவே விசாரிப்பார். வாசலில் நேப்பாளிக் காவலாளியோடு அரைமணி நேரம் பேச்சு. கேண்டீனில் ஒரு தேத்தண்ணி. அப்புறம் பெண்கள் கழிவறை எங்கே, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில்தான் மேனேஜர். தொழிலாளர் இலாகாவிலிருந்து யாரோ வந்துவிட்டார் என்று பயந்து அவர்களும் காப்பி கொடுத்துவிடுவார்கள். காப்பியைக் குடித்துவிட்டு முதல் கேள்வி கேட்பார்: "இதுக்கு முன்னாடி இந்த நாற்காலியில ஒக்காந்த பிள்ள எங்க போச்சு?"

திரும்பி வந்து நோட்டில் எழுதுவார். ஒருமுறை எட்டிப் பார்த்தேன். 'கையுறைத் தொழிற்சாலை. சாப்பாடு பரவாயில்லை. சூப்பர்வைசர் மாமியார் ரகம். நாத்தனார் மூவர், மூவரும் அக்கவுண்ட்ஸ். வேண்டாம்.'

கோலாலம்பூரிலிருந்து வந்த புது டைரக்டருக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம வேல பிள்ளைங்கள அனுப்புறது சார், கக்கூஸ் எண்ணுறது இல்ல" என்றார். அந்த வருடம் படித்து முடித்த எல்லாரும் வேலைக்குப் போனதாகப் பட்டியல் வர வேண்டும், ஒரு பெயர் குறைந்தாலும் மையத்தை மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். மூடினால் சம்பந்திக்கும் வேலை இல்லை. மாதக் கடைசியில் பட்டியலில் ஒரே ஒரு பெயருக்கு நேரே காலியாக இருந்தது. அது என் பெயர்.

அந்த நேரம் பார்த்துத்தான் புஞ்சாக் ஆலாமில் எனக்கு வேலை கிடைத்தது. கண்ணாடிக் கட்டடம். பதவியின் பெயர் எக்ஸிகியூட்டிவ். எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டுகிற என் அப்பாவுக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. ஆனாலும் கோயில் கமிட்டி மொத்தத்துக்கும் சொல்லிவிட்டார். அம்மா எனக்கு மூன்று புதுச் சட்டை எடுத்துவிட்டார். சம்பந்தி போய் விசாரித்துவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்:

"வேணாம்மா."

"ஏன் சார்?"

"தேத்தண்ணி போடுற அம்மா சொன்னிச்சு. அந்த எடத்துல ஒருத்தரும் நாலு மாசம் தாண்டுனதில்லியாம். வேலய நெரந்தரம் பண்றதுக்கு முன்னாடி அனுப்பிட்டு வேற ஆள எடுத்துக்குறான்."

எனக்கு வந்ததே கோபம். "தேத்தண்ணிக்கார அம்மா பேச்சக் கேட்டு நான் வீட்ல ஒக்காரணுமா? நான் போனா ஒங்க லிஸ்ட்டு ரொம்பும், ஒங்க வேலயும் நிக்கும். ஒங்களுக்கு நல்லதுதானே சார்?"

"அதுக்காக ஒன்ன அங்க தள்ளி விடுறதாமா?" என்றார்.

நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பட்டியலில் என் பெயருக்கு நேரே எழுதவே மாட்டேன் என்று நின்றாராம். "அந்தப் பிள்ளதான் வேலைக்குப் போயிருச்சே சார், எழுதித் தொலைங்க!" என்று டைரக்டர் கத்த, "நான் அனுப்பலியே சார், எப்படி எழுதுறது?" என்றாராம் இவர். ஒரே ஒரு வரி. எழுதியிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இப்படியும் ஒரு மண்டூகம் இருக்குமா என்று நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். அடுத்த வாரமே போட்டோஸ்டேட் மெஷினுக்கு முழு அறையும் கிடைத்தது.

எனக்கு நாலு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, கண்ணாடிக் கட்டடத்தில் கூப்பிட்டு, மிக நல்ல ஆங்கிலத்தில், நாளைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. பெஸ்தாரி ஜெயாவில் சம்பந்தி தன் தம்பியின் டயர் கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவர் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்டியா? திங்கக்கெழம சும்மாதானே இருப்ப?"

"சார், நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது..."

"அத விடு. கோலசிலாங்கூர்ல கோழித் தீவனக் கம்பெனி. பழைய கட்டடம்தான், லிஃப்ட்டு கெடையாது. அந்த சீட்ல இருந்த சீனத்தி இருவது வருசம் இருந்து பென்சன் வாங்கிட்டுப் போவுது. நீ அந்தக் கண்ணாடிக் கட்டடத்துல போய்ச் சேந்த வாரமே விசாரிச்சு வச்சிட்டேன். அதுக்கு இப்பதான் எடம் காலி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்றடிக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை, வெள்ளைச் சட்டையை மடிப்பு கலையாமல் போட்டுக்கொண்டு அவரும் என்னோடு வந்தார். சீன மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்து, "கல்லூரியிலிருந்து வருகிறீர்களா?" என்று மலாயில் கேட்டார். சம்பந்திக்கு இப்போது கல்லூரியும் இல்லை, நீட்டுவதற்கு ஓர் அட்டையும் இல்லை. ஊரிலுள்ள கம்பெனியையெல்லாம் கேள்வி கேட்டே வாட்டிய மனிதர், இந்த ஒரு கேள்விக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அப்பாவா?"

என் அப்பா அந்த நேரத்தில் எஸ்டேட்டில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா, சார்" என்றேன்.

வேலை கிடைத்தது. அந்த மேனேஜர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், நானும்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும், "அப்பா சுகமா?" என்று தவறாமல் கேட்பார். சுகம் என்பேன். எந்த அப்பா என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.