பூத்ததும் சொல்லுங்க

ஃப்ரிட்ஜைத் திறந்த வினோலியா, மாவுச் சட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூந்தொட்டி இருப்பதைப் பார்த்தாள். மாவுச் சட்டி அடுப்பு மேடையில் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"என்னங்க, இங்கன வாங்க. இது என்ன கூத்து?"

ஹெப்ரான் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். "கதவ மூடு, கதவ மூடு. குளிரு வெளிய போயிரும்."

"மாவு புளிச்சு நாறுது."

"மாவு போனா கடையில வாங்கிக்கிடலாம். செடி போச்சுன்னா சம்பந்தம் போச்சு."

வினோலியா முந்தானையை இழுத்துச் செருகினாள். மாவை வழித்துக் கொட்டப் போனாள்.

போன வருஷம் பெருமாள்புரம் ஜோன்ஸ் சாரும் அவர் மனைவியும் இவர்கள் மகள் பெனிஷாவைப் பெண் பார்க்க வந்தார்கள். சார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பையன் ஜோஷுவாவுக்கு பெங்களூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்றார்கள். அல்வாவும் மிக்சரும் காபியும் முடிந்து கிளம்பும்போது, சார் காரிலிருந்து ஒரு சின்னத் தொட்டியை எடுத்து வந்து ஹெப்ரான் கையில் கொடுத்தார்.

"கேன்டர்பரி பெல்ஸ். ரெண்டு வருஷச் செடி. முதல் வருஷம் வெறும் இலைதான் இருக்கும். அடுத்த வருஷம் மணி மணியாப் பூக்கும். பூத்ததும் சொல்லுங்க, மத்ததப் பேசிக்கிடுவோம். பிள்ளைங்க காரியத்துல அவசரம் எதுக்கு?"

கேன்டர்பரி என்ற பெயரிலேயே ஹெப்ரான் விழுந்துவிட்டார். இங்கிலாந்தில் பெரிய பேராயர் இருக்கிற ஊர் அல்லவா? சபையில் வரவு செலவு வாசிக்கும் மனிதருக்கு இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எங்கிருந்து வரும்?

வினோலியாவுக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. "பொண்ணு பிடிச்சா பூ வச்சிட்டுப் போவாங்க. செடி வச்சிட்டுப் போனத இப்பத்தான் பாக்கேன்."

"படிச்சவங்க அப்படித்தான் இருப்பாங்க," என்றார் ஹெப்ரான்.

முதல் வருஷம் நிம்மதியாகப் போனது. செடி சொன்னபடியே தரையோடு தரையாக இலை விட்டது. நடுவில் ஏரலிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். "ஒரு இடத்துல பேசி வச்சிருக்கோம்" என்று ஹெப்ரான் பெருமையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டாம் வருஷம் பிறந்த பிறகும் செடி இலையைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. வெயிலில் வாடுகிறதோ என்று ஈரச் சாக்கைப் போர்த்தினார். பாதி இலை அழுகிப்போனது. கடைசியில் பெனிஷாதான் போனில் தேடிப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்குக் குளிரு வேணுமாம். ரெண்டு மாசம் நல்லாக் குளிர்ந்தாத்தான் பூக்குமாம்."

"மார்கழி வந்துட்டுத்தானே போச்சு?"

"நம்ம ஊரு மார்கழியாப்பா?"

அதுவும் நியாயம்தான். பாளையங்கோட்டையில் மார்கழி மாதம் காதில் மஃப்ளர் கட்டிக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. அது பழக்கத்துக்காகக் கட்டுவது. அப்படித்தான் செடி ஃப்ரிட்ஜுக்குப் போனது.

ஒரே வாரத்தில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

"கதவ மூடுனா உள்ள லைட் அணைஞ்சிரும்லாப்பா," என்றாள் பெனிஷா. "வெளிச்சம் இல்லாம எப்படி வளரும்?"

ஹெப்ரான் ஒரு துண்டை மடித்துக் கதவிடுக்கில் செருகினார். லைட் எரிந்தது. குளிரும் ஓரளவு இருந்தது. மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜ் ஒரு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர் துண்டையும் தொட்டியையும் பார்த்தார், ஹெப்ரானையும் பார்த்தார், பிறகு வினோலியாவிடம் மட்டும் பேசினார்.

அடுத்து மீன்காரி மரியம்மாள். மணப்பாட்டிலிருந்து ஐஸ் பெட்டியோடு வருகிறவள். அவளிடம் கெஞ்சிக் கூத்தாடி தினமும் ஒரு வாளி ஐஸ் வாங்கித் தொட்டியைச் சுற்றிக் கொட்டினார். செடிக்குக் குளிர் கிடைத்தது. கூடவே சாளை மீன் வாடையும் கிடைத்தது. தெருவில் உள்ள பூனைகளெல்லாம் வந்து தொட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. அதில் ஒன்று மண்ணைப் பறித்து வேரையே வெளியே இழுத்துப் போட்டுவிட்டது.

வேரை மறுபடி நட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஹெப்ரான் தெருமுனைக் கடைக்கு ஓடினார். அப்பாத்துரை அண்ணாச்சி கடையில், கலர் சோடா பாட்டில் அடுக்கும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது. உள்ளே எந்நேரமும் ட்யூப்லைட் எரியும்.

"அண்ணாச்சி, ரெண்டே மாசம். ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

"கலர் வைக்கதுக்குன்னு கம்பெனிக்காரன் குடுத்த பெட்டி வே இது. செடியப் பாத்தா சத்தம் போடுவான்."

"உம்ம மகளா நினைச்சுக்கிடும்."

அப்பாத்துரை தொட்டியை வாங்கிக்கொண்டார். மனிதர் நல்லவர், வாய்தான் நிற்காது.

"அண்ணாச்சி, உள்ள இருக்க அந்தக் கீரை என்ன விலை?" என்று யாராவது கேட்டால் போதும்.

"அது கீரை இல்ல வே. அது பெனிஷா கல்யாணம்." பிறகு முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் மீதிச் சில்லறை கொடுப்பார்.

இரண்டே வாரத்தில் அவர்கள் இருக்கிற சமாதானபுரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்யாணத் தரகர் ஹெப்ரான் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஒரு நாள் தூத்துக்குடியிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கி, கடையில் வீட்டுக்கு வழி கேட்டது.

"அந்தப் பிள்ளைக்குத்தான் முடிஞ்சுட்டே," என்று அப்பாத்துரை ஃப்ரிட்ஜைக் காட்டினார். அவர்கள் ஆளுக்கொரு கலர் குடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். இதை அப்பாத்துரை ஏதோ உபகாரம் செய்தவர்போல வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வினோலியா அன்றைக்கு அழுதாள். "முப்பது ஆகப்போகுது அவளுக்கு. வந்த ஒருத்தனையும் விடாம துரத்தியாச்சு."

ஹெப்ரானுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ஏரல் வாத்தியாருக்குப் போன மாதம் கல்யாணம் நடந்தது வேறு அவருக்குத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தபோது பெனிஷா கேட்டாள்.

"பூக்கலன்னா என்னப்பா செய்வோம்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆனால் பூத்தது.

இரண்டு மாதம் கழித்துக் கடையிலிருந்து திரும்பி வந்த செடி, நடுக்குருத்திலிருந்து ஒரு தண்டை நீட்டியது. தண்டு முழங்கை உயரமாகி, இடுப்பு உயரமாகி, மேலிருந்து கீழ்வரை மொட்டு கட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் எல்லாம் திறந்திருந்தன. நீலமாக, கொழுகொழுவென்று, அசல் மணிகள். வினோலியா ஒரு பூவைப் பையத் தொட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை மாதத்தில் முதல்தடவையாகப் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். ஆராதனை முடிந்து பாதிச் சபை வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பாத்துரை தொட்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

"ஒரு போன் போட்டுட்டுப் போங்க," என்றாள் வினோலியா.

"பூத்ததும் சொல்லுங்கன்னு சொன்னாருல்லா? பூவே நேரப் போய்ச் சொல்லட்டும்."

ஹெப்ரான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஆட்டோவில் ஏறி, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டார். மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பெருமாள்புரம் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணிகூட உதிர்ந்திருக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படியேறினார். பூத்துக் குலுங்கிய தண்டு அவர் முகத்தை முழுசாக மறைத்துவிட்டது. முழங்கையால் காலிங் பெல்லை அழுத்தினார்.

கதவைத் திறந்தவர் ஜோன்ஸ் சாரின் மனைவி. அந்த அம்மா கண்ணுக்குப் பூதான் தெரிந்தது. பின்னால் நிற்பவர் யாரென்று தெரியவில்லை, யாரோ ஆட்டோக்காரர் கொண்டுவந்து இறக்குகிறார் என்று நினைத்துவிட்டார். வாயில் கை வைத்து ஒரு நொடி நின்றவர், உள்ளே திரும்பிச் சந்தோஷமாகக் கூப்பிட்டார்.

"ஏங்க, ஓடி வாங்க! பொண்ணு வேண்டாம்னு மூஞ்சிக்கு நேர சொல்லச் சங்கடப்பட்டு, வீட்டுக்கு வீடு ஒரு செடி குடுத்துட்டு வருவியள்லா, அதுல ஒண்ணு பூத்துட்டு!"