சீவ வேண்டாத நாய்

ஆறடி உயரமும் முறுக்கு மீசையும் உள்ளவன் நாயைக் கண்டு நடுங்குவான் என்றால் யாரும் நம்புவதில்லை. நான் நடுங்குவேன். எதிரே நாய் வந்தால் செல்போனில் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டு சாலையைக் கடந்துவிடுவேன். (நாய்களுக்கு அது பாவனை என்று தெரியும்.)

இந்த லட்சணத்தில் மகள் ஷெரின் ஷிட்ஸு கேட்டாள். தரையைக் கூட்டுகிற அளவுக்கு முடி தொங்கும் சின்ன நாய். படத்தில் முகம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. "இதுக்கு தினமும் யாரு தலை சீவி விடறது?" என்று தட்டிக் கழித்தேன். என் மனைவி ஜெசிந்தா விடவில்லை. அதே ஜாதியில் முடி குட்டையாகவே வளரும் குட்டி ஒன்று அம்பத்தூரில் அவள் தோழி வீட்டில் இருக்கிறதாம், சீவவே வேண்டாமாம்.

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன்.

அவர்கள் காத்திருக்கவில்லை. அந்த ஞாயிறு மதியம் நான் பிரியாணி மயக்கத்தில் கிடந்தபோது, குட்டியைக் கொண்டுவந்து ஹாலில் விட்டுவிட்டு, கழுத்துப்பட்டை வாங்கக் கடைக்குப் போய்விட்டார்கள்.

குதிகாலில் ஏதோ ஈரம்; பிறகு ஒரு கீறல். விழித்தால், கட்டிலோரம் சப்பை மூக்கும் ஒட்டிய முடியுமாக ஒரு பிராணி. ஷிட்ஸு என்றால் முடி என்றே மனதில் பதிந்திருந்ததால், எனக்கு அது தெருநாய். வெறிநாய்க்கடி பற்றி அதுவரை கேள்விப்பட்டதெல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. தலையணையைக் கேடயமாகப் பிடித்து, நாற்காலி, சோபா என்று தாவி, தரையில் கால் படாமலே வாசலை அடைந்து கதவைத் திறந்தேன். அது வாலாட்டிக்கொண்டே வெளியே ஓடியது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஊசி போட்டு முடிக்கும்போது போன் அடித்தது.

"என்னங்க, ஹால்ல விட்டுட்டுப் போன குட்டி எங்க?" ஜெசிந்தாவின் குரலுக்குப் பின்னால் ஷெரின் அழுவது கேட்டது.

அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை. எங்கள் வீடு பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில். அங்கே லாரிகள் மனிதர்களுக்கே நிற்பதில்லை. சாலையில் கிடந்த ஒவ்வொரு கந்தல் துணியையும் குனிந்து பார்த்தபடி தேடி ஓடினேன்.

டீக்கடைக்காரர்தான் கை காட்டினார். "அண்ணாத்தே, சப்ப மூக்கு நாயா? தோ, அந்த லாரிக்கு அடியில குந்திகினு கீது பாரு."

லாரி அப்போதுதான் உறுமிக் கிளம்பத் தயாரானது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"இன்னா நைனா, சாவறதுக்கு என் வண்டிதான் கெட்ச்சுதா?" என்று டிரைவர் தலையை நீட்டினார்.

"அடியில என் பொண்ணோட நாய் இருக்குங்க."

அவர் இன்ஜினை அணைத்தார். நான் குப்புறப் படுத்து உள்ளே தவழ்ந்தேன். பின்சக்கரத்தை ஒட்டி அது நடுங்கிக்கொண்டிருந்தது. நானும்தான். கையை நீட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கடிக்கவில்லை. கைவழியாக ஏறி என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் நெஞ்சு என்னுடையதைவிட வேகமாக அடித்தது.

மேலெல்லாம் கிரீஸோடு, நாயை அணைத்தபடி வீட்டுக்கு வந்த என்னை ஜெசிந்தா மேலும் கீழும் பார்த்தாள். ஷெரின் குட்டியை மட்டும் பார்த்தாள்.

இன்றும் விருந்தாளிகள் யாராவது நாயைக் கண்டு வாசலிலேயே தயங்கினால், ஷெரின் சிரிக்காமல் சொல்வாள்: "பயப்படாம வாங்க அங்கிள். எங்க அப்பாவுக்கு ஊசி போட்டாச்சு."