பின் பெஞ்சில் பஜனை கோஷ்டி

பக்தி இருந்தால் புத்தி தானாக வரும் என்று நம்பியவன் நான். முருகன் இன்றுவரை அதை மறுக்கவுமில்லை, நிரூபிக்கவுமில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலைந்து வருஷம் இருக்கும். புதுச்சேரியில் ஒரு சர்க்கார் கல்லூரியில் நான் பியூன். புதிதாகத் தொடங்கிய விஞ்ஞான வகுப்பில் ஆளே சேரவில்லை. டில்லியிலிருந்து அதிகாரி வருகிறார், பையன்கள் போதாதென்றால் பணத்தை நிறுத்தி வகுப்பை மூடிவிடுவார் என்றார்கள். பிரின்சிபால் ஐயா சோறு தண்ணி இல்லாமல் அலைந்தார். அவருக்காக நான் உயிரையே கொடுப்பேன் (அவர் கேட்கவில்லை). யாரிடமும் சொல்லாமல், மூலக்குளத்து எங்கள் பஜனை கோஷ்டி பன்னிரண்டு பேரையும் சட்டை போடச் சொல்லி அழைத்துவந்து பின் பெஞ்சுகளில் உட்காரவைத்தேன்.

“இன்னாடா செய்யணும்?” என்றார் கோஷ்டித் தலைவர் வீராசாமி மாமா.

“ஒண்ணும் செய்யாதீங்க மாமா. சும்மா குந்தியிருங்க.”

அதிகாரி தமிழர்தான். நரைத்த மீசைகளைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் பேசிக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்று நினைத்து, நேரமானதும் வழக்கம்போல் போய் மணியடித்தேன்.

எங்கள் ஆட்களுக்கு மணி அடித்தால் தீபாராதனை. பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். மாமா சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினார். தலைக்குமேல் கைகூப்பி, அதிகாரியைப் பார்த்து, “முருகா” என்று உருகினார்கள்.

பிரின்சிபால் ஐயா வாசலுக்கு ஓடிவந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “முன்வரிசைப் பையன்கள்தான் சார் சேர்ந்தவங்க. மத்தது எங்க ஆள் செஞ்ச தப்பு. பொறுப்பு என்னோடது. வகுப்பை மூடினாலும் சரி,” என்றார். (அப்படி ஒரு மனிதரைப் பிறகு நான் பார்க்கவில்லை.)

அதிகாரி மாமாவிடம், “பெரியவரே, உங்க வீட்டுல பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளைங்க இல்லையா?” என்றார். 

“இருக்கானுங்க ஐயா. பிரெஞ்சு படிச்சவங்களுக்குத்தான் இந்தக் காலேஜுன்னு நெனச்சோம். எங்களுக்கு யாரு சொன்னா?”

அதிகாரி பிரின்சிபாலைப் பார்த்தார். ஒரு வருஷம் தவணை கொடுத்துப் போனார். அந்தக் கோடை முழுக்க ஐயா சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார், பின்னால் கேரியரில் நான். ஜூனில் வகுப்பு நிறைந்தது. மாமாவின் மகனும் சேர்ந்தான்.

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷத்தில் கூட்டம் குறைந்தால் மச்சான்கள் என்னைத்தான் பார்ப்பார்கள். “மூலக்குளத்துல சொல்லி ஒரு பன்னெண்டு பேரைக் கொண்டாங்களேன்.”

என் மனைவியும் சேர்ந்துகொள்வாள். “தாராளமா கூட்டியாரட்டும். மணியை மட்டும் வேற யாருனா அடிங்க.”