அலாரப் பேட்டரியும் என் வீட்டுச் சாவியும்

நோய் நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, நன்றாக இருக்க வேண்டிய என் சின்ன மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம், நான் மட்டும் நலமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான். உன் நலத்தை நீ எழுதினால்தான் தெரியும். நீதான் எழுத மாட்டாயே.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் "ஐயோ, நான் அங்க இல்லவே இல்ல" என்று நழுவக் கூடாது. என் வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில், நான், உன் அண்ணன், நொண்டிக்கொண்டே வந்த உன் அண்ணி, யாரும் கூப்பிடாமலே வந்த உன் அத்தை, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தலைமையாசிரியர் (அவருக்கு முந்திரிக்கொட்டை என்று நான் பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும்), அலாரம் மெக்கானிக், ஒரு போலீஸ்காரம்மா. இதில் செருப்பை வாசலில் விட்டது நானும் மெக்கானிக்கும் மட்டும்தான். மற்றவர்கள் மிதித்த அழுக்கைத் துடைப்பதற்குக்கூட எனக்கு அங்கே இடம் கொடுக்கவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம்.

போன லீவில் நீ வந்தபோது நடையில் அந்த வெள்ளைப் பெட்டியை மாட்டினாய், வெளிச்சுவரில் சைரனை மாட்டினாய். "திருடன் வந்தா கத்தும்மா" என்றாய். "கரண்டு போயிட்டா?" என்று கேட்டேன். "உள்ள பேட்டரி இருக்கு" என்றாய். "அது தீர்ந்துட்டா?" என்று கேட்டேன். "அதைத்தான் அலாரக் கம்பெனி ஆபீஸ்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. கரண்டு நின்னாலும் தெரியும், பேட்டரி இறங்கினாலும் தெரியும். உடனே போன் வரும்" என்றாய். ஆக, வீட்டைப் பார்க்கப் பெட்டி, பெட்டியைப் பார்க்கப் பேட்டரி, பேட்டரியைப் பார்க்க ஆபீஸ், ஆபீஸ் போனை எடுக்க நான். சுற்றிச் சுற்றி வேலை என் தலையில்தான் வந்து விழுந்தது. சரி, பிள்ளை ஆசைப்பட்டு வாங்கி வைத்தது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அந்த சுவிட்ச் விஷயம். வெளியே கிளம்பினால் வீட்டில் ஒரு சுவிட்ச்கூட போட்டிருக்கக் கூடாது என்பது என் சட்டம், அது உனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் யாரால் வந்தது என்பது உனக்குத் தெரியாது, நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். உன் அத்தை நம் வாடகை வீட்டுக்கு வந்திருந்தாள். இஸ்திரி போடுகிறேன் என்று என் நீலப் புடவையை விரித்து வைத்துவிட்டு, பெட்டியை அணைக்காமல் என்னோடு கடைக்குக் கிளம்பி வந்தாள். மஞ்சள் ரவிக்கை, இடது கையில் சில்லறைப் பை, வழியெல்லாம் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டே வந்தாள், எல்லாம் அப்படியே கண்ணில் நிற்கிறது. திரும்பி வந்தால் புடவையும் போய், மேசையிலும் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் ஓட்டை. அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஏன் அண்ணி, கிளம்பும்போது நீங்க ஒரு பார்வை பாத்திருக்கலாமே?" அன்றிலிருந்து பார்க்கிறேன். கிளம்பும்போது விளக்கு, ஃபேன், டி.வி. என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவேன். ஃபிரிட்ஜை மட்டும் விட்டுவைப்பேன், அதுவும் அரை மனசாக. நடையில் கடைசியாக ஒரு சுவிட்ச் சின்னச் சிவப்பு விளக்கோடு இருக்கும். அதையும் அணைப்பேன். அது உன் அலாரப் பெட்டியின் சுவிட்ச் என்று எனக்கு யாராவது சொன்னார்களா?

இதனால் என்ன ஆயிற்று என்றால், நான் காய்கறி வாங்கக் கிளம்பினாலே ஆபீஸில் "கரண்டு இல்லை" என்று காட்டியிருக்கிறது. அவர்கள் உடனே வீட்டுப் போனுக்கு அடித்திருக்கிறார்கள். வீட்டில்தான் நான் இல்லையே! ஒரு நாள் கதவைத் திறக்கும்போதே மணி அடித்தது. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டு போய் எடுத்தேன். ஒரு பெண் பேசினாள்.

"அம்மா, உங்க வீட்ல கரண்ட் இல்லன்னு காட்டுது."

"ஃபேன் என் தலைக்கு மேல சுத்துதேம்மா."

"ஆமாம்மா, இப்பத்தான் வந்துச்சுன்னு காட்டுது."

"அப்புறம் எதுக்கு போன் பண்ற?"

"இல்லம்மா, பேட்டரி எப்படி இருக்குன்னு..."

"அது நல்லா இருக்கு. நீ எப்படி இருக்கே? குரலே சரியில்லையே, சாப்பிட்டியா இல்லையா?"

இப்படியே கொஞ்ச நாள் நடந்தது. பிறகு திடீரென்று போன் வருவதே நின்றுவிட்டது. பாவம், அந்தப் பெண்ணுக்கு வேறு வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் உன் அண்ணிக்குக் கால் பிசகியது. சமையலுக்கு ஆள் இல்லை என்று உன் அண்ணன் வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தான். வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன். இந்தத் தடவை சாயங்காலமே திரும்பவில்லை, இங்கேயே தங்கிவிட்டேன். பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? ஏற்கெனவே ஏறி இறங்கி ஏறி இறங்கி வயிறு உப்பிப் போயிருந்ததாம். ஒரு நாள் மத்தியானம் அது ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டது. வெளிச்சுவர் சைரனுக்குள் தனியாக ஒரு குட்டி பேட்டரி இருக்கிறதாம். பெட்டியிலிருந்து சத்தமே இல்லை என்றதும், யாரோ வயரை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அது கத்த ஆரம்பித்துவிட்டது. தெருவே கூடிவிட்டது. முந்திரிக்கொட்டை முதலில் போலீஸுக்குப் போன் போட்டார், அப்புறம் தீயணைப்புக்கு, அப்புறம் தன் மச்சானுக்கு, கடைசியாகத்தான் உன் அண்ணனுக்கு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சைரன் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கன்றுக்குட்டி மாதிரி முனகிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். எல்லாரும் எனக்கு முன்னால் நுழைந்தார்கள். "என்ன திருட்டுப் போயிருக்கு?" என்று கேட்டாள் போலீஸ்காரம்மா. ஒன்றும் போகவில்லை. "ஆனா நான் பாத்தேன் மேடம், மாடியில ஒரு உருவம். வெள்ளை டிரஸ்ஸு" என்றார் முந்திரிக்கொட்டை. போய்ப் பார்த்தால் நான் காயப்போட்டு மறந்துவிட்டு வந்த போர்வை. போலீஸ்காரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்தான், மூடினான், வயரைப் பிடித்துக்கொண்டே போய் அந்த சுவிட்ச் முன்னால் நின்றான்.

"இதை யாரு ஆஃப் பண்ணினது?"

நான் மறைக்கவில்லை. "என் வீட்டு சுவிட்சை என்னைத் தவிர யாருப்பா ஆஃப் பண்ணுவா?" என்றேன்.

"போச்சு பாட்டி. வீட்ல ஆள் இருக்கும்போது கரண்ட்ல ஓடியிருக்கு. ஆள் இல்லாதப்ப பேட்டரியில ஓடியிருக்கு. எல்லாமே தலைகீழ்."

அவ்வளவுதான், உன் அத்தைக்கு வாய் திறந்துவிட்டது. "அண்ணிக்கு வயசாயிடுச்சு. இதுக்கு மேல தனியா விட்டு வைக்கிறது நல்லாவா இருக்கு?" என்றாள். சொன்னது யார்? இஸ்திரிப் பெட்டிக்காரி! உன் அண்ணன் கையை நீட்டினான். "சாவியைக் குடும்மா. இனிமே நம்ம வீட்லயே இரு." நானாகக் கொடுத்தேன் என்று அவன் உன்னிடம் சொல்லியிருப்பான். அத்தனை பேர் முன்னால் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றால் நான் என்ன செய்வது, அடித்துத் தள்ளவா முடியும்?

ஆனாலும் நான் விடவில்லை. சாவியை வாங்கிவிட்டான், காரணத்தை நான் இல்லாமல் ஆக்கிவிடுகிறேன் என்று மெக்கானிக்கின் பக்கத்திலேயே நின்றேன். "தம்பி, இந்த சுவிட்சே வேணாம். பிடுங்கிப் போடு. வயரை நேரா உள்ள விட்டு மூடிடு" என்றேன். "பாட்டி, ரிப்பேர் பாக்க ஒரு சுவிட்ச் இருந்தா நல்லது" என்று இழுத்தான். "மெயின்ல அணைச்சுக்கோ. நான் சொல்றேன், பிடுங்கு" என்றேன். பிடுங்கினான். புது பேட்டரியும் போட்டான். மெயினை அணைத்துப் பார்த்தான், பெட்டி பேட்டரியில் கம்மென்று ஓடியது. இனிமேல் நானே நினைத்தாலும் அணைக்க முடியாது. பிறகு எதற்கு என் சாவி உன் அண்ணன் பீரோவில்?

இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேத்தியின் அறையில், ஓடாத சைக்கிள் ஒன்றுக்கும் சுவருக்கும் நடுவில் கட்டில் போட்டிருக்கிறார்கள். உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன். நான் அணைக்கிற விளக்கை எல்லாம் உன் அண்ணி பின்னாலேயே நொண்டி வந்து போடுகிறாள். இதோ, ஹாலில் ஆளே இல்லாமல் ஃபேன் ஓடுகிறது. இரு, வருகிறேன்.

அணைத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்? ஆமாம், நீ. கிளம்பும்போது மெக்கானிக் ஒரு வார்த்தை சொன்னான். "ஆபீஸ்ல கேட்டேன் பாட்டி. இந்த வீட்டு கரண்ட் விஷயத்துக்குப் போன் பண்ண வேணாம்னு உங்க சின்ன மகன்தான் சொல்லி வச்சிருக்காராம்." நீயா? பேட்டரியைப் பார்க்க ஆபீஸ் வைத்தவனும் நீ, பார்க்காதே என்று ஆபீஸின் கண்ணைக் கட்டியவனும் நீயா? அன்றைக்கு உன் அண்ணன் போனில் எல்லாவற்றையும் சொன்னபோது, "தப்பு என்னுதுண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாவி என் இடுப்பில் இருந்திருக்கும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? உன் அண்ணனிடம் பேசி என் சாவியை வாங்கிக் கொடு. அதுவரை, அந்த ஆறு பேரையும் மன்னித்தாலும், அங்கே இல்லாத ஏழாவது ஆளான உன்னை மன்னிக்க மாட்டேன்.

நீ தொட்ட காரியம் நடக்கட்டும், உன் உடம்பு உன் சொல் கேட்கட்டும், சீக்கிரம் லீவு கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத அம்மா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. உறையை ஒட்டுவதற்கு முன்னால், பேத்தியின் போனில் அந்த ஆபீஸைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று பேசினேன். எடுத்தது அதே பெண். எங்கேயும் போகவில்லையாம். "நாங்க என்னம்மா பண்றது? சார்தான் சொன்னாரு. 'அது கரண்ட் கட் இல்ல, எங்கம்மா வெளிய கிளம்புறாங்க. ஆஃப் ஆனா போறாங்க, ஆன் ஆனா பத்திரமா வந்துட்டாங்க. அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க, மெசேஜ் மட்டும் எனக்கு வரட்டும்'னு. கடைசியா ஆஃப் ஆகி மறுநாளும் ஆன் ஆகலன்னதும், 'எங்கம்மா இன்னும் வீட்டுக்கு வரல, இன்னும் வரல'ன்னு அவரே எங்களுக்கு போன் பண்ணிப் பதறிட்டாரு. நீங்க அண்ணன் வீட்ல இருக்கீங்கன்னு தெரிஞ்சதும்தான் அமைதியானாரு. அந்த நிம்மதியில பேட்டரியை அவரும் மறந்துட்டாரு, நாங்களும் விட்டுட்டோம்" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் அண்ணன் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பீரோவைத் திறந்து சாவியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நாளைக் காலையில் கிளம்புகிறேன்.

சுவிட்சைப் பிடுங்கிய நாளிலிருந்து உன் போனுக்கு ஒன்றும் வந்திருக்காதே? நான் போனேனா வந்தேனா என்று உனக்கு எப்படித் தெரியும்? மெக்கானிக்கையும் போனில் பிடித்து, சுவிட்சைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன். "பேட்டரி மறுபடியும் கெட்டுடும் பாட்டி" என்கிறான் மெக்கானிக். கெட்டால் மாற்று, அதற்குத்தானே நீ இருக்கிறாய் என்றேன். உன்னை மன்னித்தாயிற்று. உன் அத்தைகூட இன்றைக்கு என் கணக்கில் இல்லை. ஆனால் அந்த மெக்கானிக்கை மட்டும் என் கட்டை வேகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். நான் சொன்னேன் என்றுதான் பிடுங்கினானாம். வயசான பொம்பளை ஏதோ கோபத்தில் சொன்னால், அதை அப்படியே செய்துவிடுவதா?