சுரைக்கொடிக்குப் போட்ட முக்காடு

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன், வீட்டுக்கு வந்ததும் அந்தக் குணத்தைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான் என்று யாராவது நினைத்தால், அவர்கள் என் மனைவி செல்வியிடம் பேசியதில்லை என்று அர்த்தம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் தனியார் பஸ்களில் நான் டிக்கெட் செக்கிங். யாராவது தூங்கினால், தூங்குகிற மாதிரி நடிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். (பாதிப் பேர் நடிக்கத்தான் செய்வார்கள். அது வேறு விஷயம்.)

இப்படிப்பட்டவன் காய்கறித் தோட்டம் போட்டிருக்கக் கூடாது. போட்டேன். எவனோ ஒருத்தன் கூடை கூடையாகக் கத்தரிக்காய் பறிப்பதைச் செல்போனில் பார்த்ததில் வந்த வினை. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது, அவ்வளவு உப்பு. கத்தரி இலையெல்லாம் ஓரம் கருகியது. தக்காளி ஒன்றே ஒன்று காய்த்தது, அதையும் அணில் கடித்தது. (அணில்தானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.) கொத்தவரை மட்டும் அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சடசடவென்று காய்த்தது. அந்தத் தெம்பில், வெள்ளாமை பண்ணும் பெரிய சம்சாரியாகிவிட்டேன் என்று முடிவுகட்டி, காம்பவுண்டுச் சுவர் ஓரமாகச் சுரை விதை ஊன்றினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கனகம் அக்கா வீடு. நல்ல தண்ணீர்க் குழாய் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. தண்ணீர் என்றைக்கு வரும், எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஏ செல்வி, நல்ல தண்ணி!" என்று சத்தம் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் சோறு வேகாது.

கொடி முதல் பிஞ்சு விட்ட அன்றும் அந்தத் தலை எட்டிப் பார்த்தது. "ஏ யாத்தி, இந்தா பாருடி செல்வி, பிஞ்சு!" என்று ஆள்காட்டி விரலை முழுசாக நீட்டினார்கள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப் போகும், விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"விரலை மடக்குங்கக்கா!" என்று கத்தினேன்.

"அட போங்க தம்பி, என் விரல்ல என்ன வெசமா வச்சிருக்கேன்?"

அந்த வாரமே பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. அடுத்ததும் உதிர்ந்தது. "மொதப் பிஞ்சு நிக்காதுங்க, வெயிலு வேற" என்று செல்வி எவ்வளவோ சொன்னாள். நான் கேட்பேனா? அவளுடைய பழைய சேலைகளை எடுத்துவந்து கொடி முழுக்க முக்காடு போட்டுக் கட்டினேன். அந்த வீட்டிலிருந்து ஒரு துரும்பு கூட இங்கே வரக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். (நல்ல தண்ணீர் நீங்கலாக. எனக்கும் காரியத்தில் கண் உண்டு.)

அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்ததும் முதலில் சேலை முடிச்சுகளைத்தான் செக் பண்ணுவேன். முடிச்சுகள் பத்திரமாக இருந்தன. காய்தான் இல்லை. கனகம் அக்காவின் கண் துணியையும் துளைக்கும் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. செல்வி கடையில் வாங்கியதாகச் சொல்லி அடிக்கடி சுரைக்காய்க் கூட்டு வைத்தாள். ஒவ்வொரு தடவையும், "கடைக் காய் சக்கை. நம்ம காய் வரட்டும், அப்பத் தெரியும் ருசி" என்பேன். அவள் இன்னொரு கரண்டி அள்ளி வைப்பாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேண்டாத இடத்திலெல்லாம் வரும் சனியன், அங்கே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லாங்கிணற்றிலிருந்து செல்வியின் அண்ணன் வந்திருந்தார். கூட்டை ஒரு வாய் வைத்ததும், "மாப்ள, இது இப்பத்தான் கொடியிலருந்து பறிச்ச காயாச்சே!" என்றார். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் ரசச் சட்டியைப் பார்த்தாள். வாசல் வழியாக எட்டிப் பார்த்தால், கனகம் அக்காவின் ஆடு சுரைக்காய்த் தோலை மென்றுகொண்டு நிற்கிறது.

போதாதா? என் கொடியில் காய் நிற்காத ரகசியம் புரிந்துவிட்டது. எச்சில் கையோடு எழுந்து அவர்கள் கொல்லைக்கே ஓடினேன்.

"வாங்க தம்பி, என்ன, பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்துட்டீக?"

"திருட்டுக் காயைத் தின்னா செரிக்குமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

என் கொடி முக்காட்டுக்கு அடியிலேயே நழுவி, சுவரைத் தாண்டி, அவர்களுடைய தகரக் கொட்டகை மேல் ஏறிப் படர்ந்திருந்தது. கூரை ஓரத்தில் வரிசையாகச் சுரைக்காய்கள் தொங்கின. வெள்ளைப் பூக்களைச் சுற்றிப் பூச்சிகள் பறந்தன.

பின்னாலேயே ஓடிவந்த செல்வி வெடித்தாள். "துணியப் போட்டுப் பொத்தி வச்சா பூவுக்குப் பூச்சி எப்பிடி வரும்? எப்பிடிக் காய்க்கும்? இம்புட்டு நாளும் நீங்க சக்கைன்னு சொல்லிச் சொல்லித் தின்னது இந்தக் காயத்தான். அந்த வீட்டுல எதுவும் வாங்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதுக்காக, கடைக் காய்னு பொய் சொல்லி ஆக்கிப் போட்டேன்!"

கனகம் அக்கா முகம் சுருங்கிப் போய் உள்ளே போய்விட்டார்கள். என் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு அவமானமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

மறுநாளே முக்காட்டை அவிழ்த்தேன். ஆனால் சுவருக்கு மேல் தலை தெரியவில்லை. எங்கள் குடங்கள் காலியாகிக்கொண்டே வந்தன. செல்வி என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் மட்டுமா போயிற்று, ஒரே தோழியும் போயிற்றே. செக்கிங்குக்குப் போனாலும் என் காது அந்தச் சுவரிலேயே இருந்தது.

கடைசிக் குடமும் கவிழ்ந்த அன்று காலையில் சத்தம் கேட்டது. செல்வியை அல்ல, என்னைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, நல்ல தண்ணி வந்துருச்சு! கொடத்தத் தூக்கிட்டு வாங்க. சந்தேகமா இருந்தா செக் பண்ணிட்டுப் புடிங்க!"

எல்லாக் குடத்தையும் அன்று நானே சுமந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "கூட்டு நல்லாருந்துச்சுக்கா" என்று மட்டும் சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்றைக்கும் அவர்கள் வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால், சுவரருகே கூட்டிவந்து என்னைக் காட்டுவார்கள். ஆள்காட்டி விரலைப் பத்திரமாக மடக்கிக்கொண்டுதான்.

"இவுகதான் அவுக. விரல நீட்டிராதீக, பிஞ்சு, அழுகிரும்."

தலை முக்கால்வாசி நரைத்த பிஞ்சு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.