குடும்பப் பெயர் எழுதும் கட்டம்

தூதரகக் கடிதத்தைக் கிராம அதிகாரியான விதானை கோணாமலை மூன்று தரம் வாசித்தார். நாலாம் தரம் வாசித்தாலும் அது மாறப்போவதில்லை.

"விசா இல்லையாம் மச்சான். உங்கட குடும்பப் பேர் வேற, மகன்ட வேறயாம். நீங்கதான் தகப்பன் எண்டு எப்பிடி நம்புற எண்டு கேட்டிருக்கான்."

மட்டக்களப்பில் கிரான் ஊரில் நெல் விதைக்கும் நல்லரத்தினத்துக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததே இல்லை. பாரத்தில் அப்படியொரு கட்டம் இருந்ததால் தன் தாய்வழிக் குலமான குடியின் பெயரை எழுதினார். வெளிநாட்டிலிருந்த மகன் அழகரத்தினமும் அப்படித்தான் செய்திருந்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் பிள்ளைக்குத் தாயின் குடி. அவன் எழுதியது தாய் புஸ்பத்தின் குடி. பெயர் ஒத்ததால் அவளுக்கு விசா வந்தது. "நீ முன்னால போ, நான் பின்னால வாறன்" என்று இவர்தான் மனைவியை ஏற்றிவிட்டார். இரண்டு வருடமாகிவிட்டது. ஷெல் விழும் ஊரில் ஒற்றை ஆளுக்குச் சோறு காய்ச்சித் தின்றுகொண்டிருந்தார். கலியாண எழுத்தும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் தொண்ணூறாம் ஆண்டு வீட்டோடு எரிந்துபோயின.

"விளக்கி ஒரு கடிதம் எழுதுவம்," என்றார் கோணாமலை.

'எங்கள் வழக்கப்படி பிள்ளை தாயின் குடி. தகப்பன் அந்தக் குடியைச் சேர்ந்தவர் அல்லர்.' முத்திரையும் குத்தினார். அதில் பொய் ஒரு சொல் இல்லை.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. 'இவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்று உங்கள் அரச அதிகாரியே உறுதிப்படுத்தியிருப்பதால்...'

"பாத்தியா விதானை, இருந்த ஒரு பிள்ளையையும் இல்லாமல் ஆக்கிப்போட்டாய்."

"மறுகா ஒண்டு செய்வம். புதுப் பாரத்தில உங்களையும் புஸ்பக்காட குடியில போட்டிருவம். மூண்டு பேருக்கும் ஒரே பேர்." சொன்ன பிறகு கோணாமலை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "ஆனா ஊருக்குத் தெரியப்படாது மச்சான்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வைகாசிக் கோயில் சடங்கில் குடி குடியாகப் பெயர் கூப்பிட்டபோது நல்லரத்தினத்தை அவர் குடியிலும் கூப்பிடவில்லை, புஸ்பத்தின் குடியிலும் கூப்பிடவில்லை. கடைசிவரை நின்றுவிட்டு வந்தார். வெட்கமாக இருந்தது. புஸ்பம் பக்கத்தில் இருந்தால் தாங்கியிருப்பார்.

நேர்முகத்துக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். வழியில் சோதனைச் சாவடியில், அடையாள அட்டையில் இல்லாத பெயர் பாரத்தில் இருப்பதை ஆமிக்காரன் கண்டான். இயக்கப் பெயரா என்று கேட்டுக் கேட்டு அரை நாள் வெயிலில் இருத்தினான். பெண்சாதியின் குடி என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று நல்லரத்தினத்துக்குத் தெரியவில்லை.

தூதரகத்தில் மொழிபெயர்ப்புக்கு அஞ்சலா என்று ஒரு பெண், மட்டக்களப்பு நகரத்துப் பிள்ளை. ஊர்ப் பேச்சைக் கேட்டதும் இவருக்கு உயிர் வந்தது. விசா கொடுக்கும் வெள்ளைக்காரத் துரை பாரத்தைப் பார்த்தார். மூன்று பெயரும் ஒத்திருந்தன. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, இன்னும் ஒரேயொரு கேள்வி என்றார்.

"இவவ எப்பிடிக் கலியாணம் முடிச்சீங்க எண்டு கேக்கிறார்," என்றாள் அஞ்சலா.

அவள் போன நாளிலிருந்து யாரும் அவரிடம் புஸ்பத்தைப் பற்றிக் கேட்டதில்லை. மனிதர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

"வயல் வட்டைக்குள்ள சோத்துப்பெட்டியோட வந்தவவக் கண்டு மனசு போயிட்டு பிள்ள. அம்மா முதல்ல போய்க் குடியத்தான் விசாரிச்சா. ஒரே குடி எண்டா அண்ணன் தங்கச்சி முறை, செத்தாலும் முடிக்க மாட்டம். வேற குடி எண்டு தெரிஞ்ச பிறகுதான் எனக்குச் சோறு இறங்கின. அவ இல்லாம எனக்கு ஏலாது. அதையும் எழுதச் சொல்லுங்க."

ஊர்க்கதை கேட்ட ருசியில் அஞ்சலா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். குடி என்பதைக் குடும்பப் பெயர் என்றே சொன்னாள்; பாரத்தில் அப்படித்தானே இருந்தது.

துரையின் பேனை நின்றது. பாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். அஞ்சலா குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப தங்கச்சியோட குடும்பம் நடத்தவா விசா கேக்கிறீங்க எண்டு கேக்கிறார், மாமா."